வாலறிவன் பதில்கள்: குட்டி வந்த வீடு

போன இதழில் ‘எங்கள் வீட்டுக்கும் ஒரு ஜீவன் வந்திருக்கிறது, செருப்பைக் காணோம்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். தபால் கட்டைப் பிரித்தால் பாதிப் பேர் செருப்பை இழந்தவர்கள். அதனால் இந்த இதழில் சினிமா, அரசியல் எல்லாவற்றுக்கும் விடுமுறை.

? குட்டி வாங்கி நாலு நாள் ஆகிறது. ராத்திரி முழுக்க அழுகை. நாங்கள் ஏதோ சித்திரவதை செய்வதாகப் பக்கத்து வீட்டில் நினைக்கிறார்கள்.
– தூக்கம் தொலைத்தவன், தாம்பரம்

குட்டியும் அப்படித்தான் நினைக்கிறது. போன வாரம் வரை அம்மா வயிற்றுச் சூட்டில், அண்ணன் தம்பி மேல் கால் போட்டுத் தூங்கியது. இன்று மொசைக் தரையில் தனியாக. முதல் பத்து நாள் அதன் படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அழுதால் கையை மட்டும் கீழே தொங்கவிடுங்கள். மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக்கி மூடி, பழைய துண்டில் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் தினமும் ஒரு சாண் வீதம் படுக்கையை நகர்த்தி, நீங்கள் நினைக்கிற மூலைக்குக் கொண்டுபோகலாம். ‘அழட்டும், பழகிவிடும்’ என்று மாடிப்படிக்குக் கீழே கட்டிப்போடச் சொல்வார்கள். பழகிவிடும்தான். கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று பழகிவிடும்.

? கடைக்காரர் முப்பது நாள் குட்டியையே தருகிறேன் என்கிறார். சின்னதாக இருந்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளுமாமே?
– பணம் தயார், ஈரோடு

ஒட்டிக்கொள்ளும், பல்லால். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. காரணம் சட்டத்தில் இல்லை, குட்டிகளின் விளையாட்டில் இருக்கிறது. அழுத்திக் கடித்தால் தம்பி வீலென்று கத்திவிட்டு விளையாட்டை முறித்துக்கொள்வான், அம்மா உறுமுவாள். எவ்வளவு கடிக்கலாம் என்கிற பாடம் அங்கேதான் நடக்கிறது. முப்பது நாளில் தூக்கி வந்தால் அந்தப் பாடத்தை உங்கள் விரல்களை வைத்து நடத்த வேண்டிவரும்.

? வீட்டில் எல்லா இடத்திலும் போகிறது, போக வேண்டிய இடத்தைத் தவிர. எப்படித்தான் பழக்குவது?
– துடைத்தே ஓய்ந்தவள், வேலூர்

முதலில் ஒரு கணக்கு. குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம்; அதுவே தாராளம். ஆபீஸ் போய் ஏழு மணி நேரம் கழித்து வந்து ‘சொன்னால் புரியவே மாட்டேன் என்கிறது’ என்று அலுத்துக்கொள்வது, எல்.கே.ஜி. பிள்ளையிடம் ப்ளஸ் டூ கேள்வித்தாளை நீட்டுகிற கதை.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், விளையாடி ஓய்ந்ததும், ராத்திரி படுக்கும் முன்பும் தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்கு ஓடுங்கள். நடுவில் மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு வட்டமடிக்க ஆரம்பித்தால் உங்களுக்குப் பத்து விநாடி இருக்கிறது என்று அர்த்தம். போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ‘மூச்சா’. முடித்த கணத்தில், அந்த இடத்திலேயே, கொண்டைக்கடலை அளவுக்கு ஏதாவது தீனி கொடுங்கள். உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வாசற்படியைத் தாண்டியதற்குக் கிடைத்த கூலி என்று எடுத்துக்கொள்ளும். மறுநாள் வெளியே போய் ஒன்றுமே செய்யாமல் படியைத் தாண்டி வந்து டப்பாவைப் பார்க்கும்.

உள்ளே போய்விட்டதா? சத்தம் போடாமல் துடையுங்கள். பினாயில் வேண்டாம். வாசனை போனதாக நமக்குத்தான் தோன்றும், அதன் மூக்கை ஏமாற்ற முடியாது. நக்கினால் உடம்புக்கும் கேடு. வினிகர் கலந்த தண்ணீர் போதும். இதற்கென்றே என்சைம் திரவமும் கடையில் கிடைக்கிறது.

செய்தித்தாளில் போகப் பழக்குவதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நானும் அப்படித்தான் பழக்கினேன். மூன்றே வாரத்தில் பேப்பரைத் தவிர வேறெங்கும் போகாத நல்ல பிள்ளை ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தரையில் விரித்துவைத்து நான் தலையங்கம் படித்துக்கொண்டிருந்தேன். குட்டி வந்தது, என்னைப் பார்த்தது, தலையங்கத்தின் மேலேயே உட்கார்ந்தது. எனக்குக் கோபம். அதற்கோ முகமெல்லாம் எதிர்பார்ப்பு: பாடத்தைச் சரியாக ஒப்பித்தாயிற்று, கொண்டைக்கடலை எங்கே?

கொடுத்தேன்.

? நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே காதை மடித்து, வாலைச் சுருட்டி, கண்ணைத் தாழ்த்துகிறது. தெரிந்தே தப்பு செய்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?
– வழக்கறிஞர், சேலம்

ஆட்சேபணை. நியூயார்க் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்து எழுதினார். தீனியை முன்னால் வைத்து, ‘தொடக் கூடாது’ என்று நாயிடம் சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போக வேண்டும். திரும்பி வருபவரிடம் நாய் தின்றதா இல்லையா என்பதைச் சில சமயம் மாற்றிச் சொன்னார்கள். குற்ற முகம் தின்ற நாய்க்கு மட்டும் வரவில்லை. திட்டு வாங்கிய நாய்க்கெல்லாம் வந்தது. தொடாமல் இருந்துவிட்டு வீணாகத் திட்டு வாங்கிய அப்பாவிகள் அதை இன்னும் தூக்கலாகக் காட்டின.

நாய் படிப்பது உங்கள் முகத்தை, கட்சிக்காரரே. மத்தியானம் கடித்த தலையணைக்குச் சாயங்காலம் அடி விழுந்தால், ‘ஆறு மணிக்கு இந்த ஆள் ஆபத்தானவர்’ என்பது ஒன்றுதான் அதற்குப் புரியும். மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பதும் அதே வகை. அப்படிப் பழக்கிய குட்டி, போவதை நிறுத்தாது. நீங்கள் பார்க்காத இடமாகத் தேடிப் போகும். சோபாவுக்குப் பின்னால் பாருங்கள்.

? பெயர் எப்படி இருக்க வேண்டும்?
– நியூமராலஜி நம்புபவர், காரைக்குடி

சின்னதாக, கூப்பிட வசதியாக. பூங்குழலி நாச்சியார் என்று வைத்தாலும் மூன்றாம் நாள் ‘பூ’ தான். வீட்டில் யார் பெயரோடும் ஒலி மோத வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நாய் ராஜா, மாப்பிள்ளை ராஜன். தீபாவளிக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஓடி வருவார்கள்.

? வீட்டில் எல்லாரும் தமிழ்தான் பேசுகிறோம். நாயிடம் மட்டும் ‘சிட்’, ‘கம்’, ‘ஷேக் ஹேண்ட்’. தமிழில் சொன்னால் கேட்காதா?
– தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

கேட்கும் ஐயா. தமிழ்நாட்டில் நன்கொடை கொடுக்காமல் ஆங்கிலவழிக் கல்வியில் சேர்ந்த ஒரே ஜீவன் நாய்தான். அதற்கு மொழி தெரியாது, ஒலி தெரியும். ‘வா’ என்பதைவிடச் சின்ன கட்டளை எந்த மொழியில் இருக்கிறது?

சிக்கல் வேறு இடத்தில். அப்பா ‘சிட்’ என்பார். அம்மா ‘உக்காரு’. பாட்டி ‘செத்த சும்மா கெடயேன்டா’. பையன் ‘சிட் சிட் சிட் சிட்’. நாலு பேரும் சொல்வது ஒரே வேலையைத்தான் என்று அதற்கு எப்படித் தெரியும்? பையன் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, கட்டளையே ‘சிட்சிட்சிட்சிட்’ என்று முடிவுசெய்து நாலாவது சிட்டுக்கு உட்காரும் நாய்கள் உண்டு. ஆறேழு வார்த்தைகளைத் தீர்மானித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நாய்க்காக இல்லை, பாட்டிக்காக. ஒரு தடவை சொல்லுங்கள். செய்தால் அடுத்த நொடி தீனி. செய்யாவிட்டால் குரலை உயர்த்தாமல், தீனி பிடித்த கையை அதன் மூக்கிலிருந்து தலைக்கு மேலாகப் பின்னால் நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகத் தரைக்கு வரும்.

ஒரு சேதி. ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் ஆட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர் நாய்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, 2016-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பாராட்டு வார்த்தையும் பாராட்டுக் குரலும் சேர்ந்து வந்தால்தான் நாயின் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி துள்ளுகிறதாம். ‘சமத்து’ என்பதை மின்கட்டண அறிவிப்பு போலச் சொன்னால் பலிக்காது.

‘வா’ என்ற சொல்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டுக் குளிப்பாட்டுவது, கூப்பிட்டு மாத்திரை கொடுப்பது, கூப்பிட்டுத் திட்டுவது என்று மூன்று முறை செய்தால் போதும், நாலாவது முறை வராது. குளியலுக்கு நீங்களே போய்த் தூக்கி வாருங்கள்.

? ஊசிப் பல்லால் கையெல்லாம் கடிக்கிறது. தாவணி, பாவாடை எதையும் விடுவதில்லை.
– கிழிசல் தைப்பவள், விருதுநகர்

இருபத்தெட்டு பால் பற்கள். நாலு மாதத்தில் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் நாற்பத்திரண்டும் முளைத்துவிடும். அதுவரை ஈறு ஊறும். எதையாவது கடித்தே ஆக வேண்டும். நீங்கள் தீர்மானிக்கக்கூடியது எதை என்பதை மட்டும். பழைய துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள், எங்கள் வீட்டில் அரை மணி நேரம் அமைதி. கையைக் கடித்தால் இழுக்காதீர்கள். இழுத்தால் அது ஓடுகிற எலி ஆகிவிடும். கையை அப்படியே தளரவிட்டு, எழுந்து, முதுகைக் காட்டிப் போய்விடுங்கள். கடித்தால் ஆட்டம் முடிந்தது என்பது தண்டனைகளிலேயே பெரிய தண்டனை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பேய் பிடித்த மாதிரி கடித்துக்கொண்டு ஓடினால் பெரும்பாலும் தூக்கக் கலக்கம்தான். குட்டிக்கு நாளைக்குப் பதினெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து எழுப்பிவிட்டிருப்பார்கள்.

? மேலே உள்ள கேள்வியைப் போலத்தான். ஆனால் எனக்கு ரத்தம் வந்துவிட்டது. எங்கள் குட்டிதானே, மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஊசி வேண்டாம்தானே?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

இதற்கு மட்டும் கிண்டல் கிடையாது. வேண்டும். குட்டிக்கும் வெறிநோய் வரும். தாயிடமிருந்தோ தெருவில் பட்ட கடியிலிருந்தோ. கடித்த இடத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். 1885-ல் பாஸ்டர் முதல் சிறுவனுக்குப் போட்டதிலிருந்து, நேரத்தில் போட்டால் காப்பாற்றுகிற ஊசி இது. அறிகுறி தெரிந்த பிறகு எந்த ஊசியும் இல்லை. இதைப் படித்துவிட்டு ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று மூடிவைக்காதீர்கள்.

? தடுப்பூசி முடியும் வரை வெளியே விடாதே என்கிறார் டாக்டர். சீக்கிரமே வெளியே பழக்கு என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?
– நடுவில் மாட்டியவன், நாகர்கோவில்

இருவரும். பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் குட்டிகளை வாரிக்கொண்டு போகும் நோய்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று, பதினாறு வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், அப்புறம் மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல். அதுவரை தெருநாய்கள் புழங்கும் மண்ணில் கால் படக் கூடாது. ஆனால் உலகத்துக்குப் பயப்படாமல் இருக்கக் கற்கும் பருவம் பதினாலு வாரத்தோடு ஏறக்குறைய முடிகிறது. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருடம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள்.

எனவே, தூக்கிக்கொண்டு போங்கள். நான் தினமும் சாயங்காலம் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் கால் மணி நேரம் உட்காருவேன். ஆட்டோ ஹாரன், வடைச் சட்டியில் எண்ணெய்ச் சத்தம், ஹெல்மெட் போட்ட முகம், குடை விரிவது, தாடிக்காரர், கைத்தடிக்காரர், பூக்காரம்மா. முதல் நாள் என் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. பத்தாம் நாள் டீ மாஸ்டருக்கு அதன் பெயர் தெரியும், என் பெயர் தெரியாது.

? என் மாமியார் தான் சாப்பிடும்போது நாய்க்கும் ஊட்டுகிறார். இப்போது யார் சாப்பிட்டாலும் தட்டில் மூக்கை வைக்கிறது.
– ஒரு மருமகள், கும்பகோணம்

தட்டில் வைத்தால் கிடைக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நன்றாகக் கற்றிருக்கிறது. பயிற்சி கொடுப்பதில் உங்கள் மாமியார் கெட்டிக்காரர். அவர் கையாலேயே, அதன் கிண்ணத்தில், அதற்கு என்று ஒரு வேளைச் சாப்பாட்டை ஒப்படைத்துவிடுங்கள்.

? என் மருமகள் உங்களுக்கு எழுதியிருப்பாள். நான் கொடுப்பது வெறும் தயிர்சாதம்தான். என்ன தப்பு?
– ஒரு மாமியார், கும்பகோணம்

தயிர்சாதத்தில் தப்பில்லை அம்மா. அதுவே முழுச் சாப்பாடு ஆனால் வளர்கிற குட்டிக்குப் புரதம் போதாது. வெங்காயம் சேர்ந்த குழம்பு, திராட்சை, பாயசத்து உலர்திராட்சை, பேத்தியின் சாக்லேட் வேண்டவே வேண்டாம், விஷம். பிரியாணியில் வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். மற்றபடி, இரண்டு பேர் கடிதமும் ஒரே கையெழுத்தில் இருப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

? நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்கினால்தான் நாம் தலைவன் என்று அதற்குப் புரியும் என்கிறார் யூடியூப் பயிற்சியாளர் ஒருவர். நாம் சாப்பிட்ட பிறகுதான் அது சாப்பிட வேண்டுமாம்.
– தலைவர் ஆக விரும்புபவர், மதுரை

மதுரையில் போட்டி ஏற்கெனவே அதிகம். இந்தத் ‘தலைவன்’ கதை, 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களை ஒரே கூண்டில் போட்டால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? அதைத் தன் 1970-ஆம் ஆண்டுப் புத்தகத்தால் பிரபலமாக்கிய டேவிட் மெக், பிறகு காட்டிலேயே போய்ப் பார்த்து, 1999-ல் திருத்தி எழுதினார்: காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். அவ்வளவுதான். எழுதியவரே கைவிட்டதை யூடியூப் இன்னும் விடவில்லை. அமுக்கப்பட்ட குட்டி, ஒருநாள் அமுக்க முடியாத அளவுக்கு வளரும் என்பதையும் யோசியுங்கள்.

? ‘வாலறிவன்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, வள்ளுவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?
– புலவர், திருநெல்வேலி

அவர் சொன்னது தூய அறிவுடையவனை. நான் வாலை மட்டும் கொஞ்சம் அறிந்தவன். அந்த அறிவிலிருந்து ஒரு துளி: வாலை ஆட்டினாலே சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். விறைத்து உயர்ந்த வால் வேகமாக ஆடினால் கையை நீட்ட வேண்டாம். எஜமானரைக் கண்டால் வலப்பக்கம் அதிகமாகவும், மிரட்டும் வேற்று நாயைக் கண்டால் இடப்பக்கம் அதிகமாகவும் ஆட்டுகிறது என்று இத்தாலியில் 2007-ல் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

? இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட். ராஜபாளையம் வாங்கலாமா, லேப்ரடாரா? அசோசியேஷன் வேறு, லிஃப்டில் நாயை ஏற்றாதே என்கிறது.
– நாலாவது மாடி, வேளச்சேரி

ராஜபாளையம் அழகுதான், 2005-ல் தபால்தலையிலேயே வந்த நாய். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்த உருவானவை. இவை எல்லாம் ஓடப் பிறந்தவை. தினமும் நீங்களும் ஓடத் தயாரா? லேப்ரடாரும் பொம்மை இல்லை; குளிர்தேசத்து ரோமம், பெருந்தீனி. மழையில் உங்கள் பார்க்கிங்கில் ஒதுங்கும் கறுப்பும் வெள்ளையுமான குட்டியை ஒருமுறை பாருங்கள். இந்த வெயிலுக்கென்றே பிறந்தது, விலையும் இல்லை.

லிஃப்ட் விஷயத்தில், வளர்ப்பு நாயைத் தடைசெய்யவோ லிஃப்டை மறுக்கவோ குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்த அதே வாரியம். அந்தத் தாளை நீட்டும்போது மறு கையில் கழிவை அள்ளும் பை இருந்தால் உங்கள் வாதம் இன்னும் எடுபடும். மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடுங்கள்.

? இரண்டு மாதம் விடுதியில் வைத்துப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்களாமே?
– நேரமில்லாதவர், கோவை

நாய் தேறித் திரும்பும். நீங்கள் அதே ஆளாக இருப்பீர்கள். ஒரு மாதத்தில் உங்கள் வழிக்கு அதைக் கொண்டுவந்துவிடுவீர்கள். பயிற்சியாளரை வீட்டுக்கு வரச் சொல்லி நீங்கள் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை, போதும்.

? தீபாவளிக்கு?
– சுருக்கமானவர், சிவகாசி

ஊரின் பெயரைப் பார்த்ததும் நான் கொஞ்சம் தயங்கினேன். ஆவணியிலேயே தொடங்குங்கள். செல்போனில் வெடிச்சத்தத்தை மிக மெதுவாக வைத்து, அதே நேரத்தில் தீனி. வாரத்துக்கு ஒரு புள்ளி சத்தத்தைக் கூட்டுங்கள். அன்றைக்குச் சூரியன் சாயும் முன்பே நடத்திக் கூட்டி வந்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் டி.வி.யையும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

? மகளுக்கு வருகிற மாதம் பத்தாவது பிறந்தநாள். நாய்க்குட்டிதான் வேண்டுமாம். எல்லா வேலையும் தானே செய்வதாக சாமி படத்தின் முன் சத்தியம் செய்கிறாள். நம்பலாமா?
– ஒரு தகப்பன், புதுச்சேரி

சத்தியம் உண்மைதான், அடுத்த கோடை விடுமுறை வரை. நாய் பன்னிரண்டு பதிமூன்று வருடம் இருக்கும். அவள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகும், மார்கழி மாதம் காலை ஐந்தரை மணிக்குச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நிற்கப்போவது நீங்கள். சம்மதமா? அப்படியானால் வாங்குங்கள், உங்கள் பிறந்தநாளுக்கு.